நேர்ந்த மாட்டின் கழுத்தில் நுகம்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. கல்முனைக்குடியில் எங்கள் தெருவில் இன்னும் ஒரே பேச்சு... "இந்த முறை பெருநாள் கலாதி!"

கலாதிதான், அமர்க்களம்தான். மறுக்கவில்லை. அது எப்படிக் கலாதியானது என்று மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. ஏன்?

போன வருடச் சூறாவளி எங்கள் பக்கத்தைப் பிய்த்துப் போட்டது உங்களுக்குத் தெரியும். பாதி வீடுகளுக்கு இன்னும் கிடுகுதான் கூரை. பெருநாளுக்கு மாடறுத்துக் குர்பான் கொடுக்கும் நிலையில் தெருவில் எவருமில்லை — ஆதம்பாவா காக்காவைத் தவிர. அவரும் வசதியால் கொடுக்கவில்லை. அன்று சுவர் சரிந்து மகள் அடியில் அகப்பட்டபோது, கல்லைப் புரட்டிக்கொண்டே நேர்ந்தார்: "புள்ள உசிரோட வந்தா, வார ஹஜ்ஜுக்கு மயிலையக் குர்பான் குடுக்கிறன்."

பிள்ளை உயிரோடு வந்தது.

மயிலை, அவருடைய உழவுச் சோடியில் இடப்பக்கத்து எருது. நேர்ந்த மாட்டை வேலைக்குக் கட்டுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வருடம் முழுக்க அதன் கழுத்தில் நுகம் படவில்லை. மற்ற எருதான சிவலையை அயலாரின் மாட்டோடு சேர்த்துக் கட்டி, ஒருமாதிரி வெள்ளாமையை ஒப்பேற்றினார்.

பெருநாளுக்கு முந்தின நாள். வயல்வாடியிலிருந்து மயிலையை ஊருக்கு நடத்தி வந்தார். சைக்கிளை உருட்டியபடி நானும் கூட வந்தேன். சம்மாந்துறைப் பக்கம் ஒரு வாய்க்கால் பாதையைக் குறுக்கே அறுத்து ஓடும். அதன் நடுவில் சக்கரம் புதைந்து நின்றது ஒரு மாட்டுக் கரத்தை. மேலே அரிசி மூட்டைகள் — எங்கள் தெருவுக்கென்று வயல்காரர்களிடம் சேர்த்த பெருநாள் அரிசி. அவிழ்த்துவிட்ட இடப்பக்கத்து மாடு சுகமில்லாமல் கரையில் படுத்துவிட்டது. ஒற்றை மாட்டோடு கரத்தைக்காரர் இஸ்மாலெப்பை இடுப்பளவு தண்ணீரில் நின்றார். சுமந்து இறக்கலாமென்றால் மூட்டைகள் நிறைய. ஆட்கள் நாங்கள் மூவர். மேற்கே மழை கறுத்து வந்துகொண்டிருந்தது.

"காக்கா, உங்கட மாட்ட ஒருக்காத் தாங்க."

"நேந்த மாடு, தம்பி. நுகத்துல வைக்கேலா."

"அப்ப நாளைக்கு ஊர் முழுக்க வெறும் இறைச்சியச் சப்புறதா? இஞ்ச நனையிறது ஊர்ர சோறு. அல்லாஹ் பாத்துக்கொண்டுதானே இரிக்கான்!"

"ஓம், பாத்துக்கொண்டுதான் இரிக்கான். அதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

இருவரும் கதைத்துக்கொண்டிருக்க, மயிலை கயிற்றை உருவிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. நேரே போய்க் கரத்தையின் இடப்பக்கம் நின்றது. தன் பழைய இடம். காக்கா கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை.

அவர் வானத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார்.

"பிஸ்மி சொல்லிக் கட்டு" என்றார்.

இரண்டு மாடுகளும் மூச்சுப் பிடித்து இழுக்க, கரத்தை ஏறியது. கரையைத் தொடும்போது மயிலையின் முன்னங்கால் கல்லிடுக்கில் சறுக்கியது. அரிசி ஒரு மணியும் நனையாமல் ஊர் வந்து சேர்ந்தது. மயிலை பின்னால் நொண்டி நொண்டி வந்தது.

மறுநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வளவில், தொழுவித்த ஹஸ்றத் மாட்டை நடத்திப் பார்த்தார். அது நொண்டியது; கழுத்தில் நுகம் உரசிய தடம்.

"நேத்து வரைக்கும் இது நல்லாத்தானே நடந்த, ஆதம்பாவா?"

"ஓம், ஹஸ்றத்."

"ஆரு நுகத்துல வச்ச?"

இஸ்மாலெப்பை தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் வைக்கச் சொன்ன" என்றார் காக்கா.

"அப்ப இது நேர்ச்சைக்குப் போதாது. நேந்ததால இதையும் அறுக்கணும்; நுகத்துல வச்சு நொண்டியாக்கினதால ஊனமில்லாத வேற ஒண்டும் குடுக்கணும்."

"ஊருக்காகத்தானே, ஹஸ்றத்..." என்று இழுத்தார் இஸ்மாலெப்பை.

"அது நன்மை. அத அல்லாஹ் தனியா எழுதுவான். இது கடமை."

ஹஸ்றத்தின் குரலில் கோபமில்லை. தீர்ப்பில் பிழையுமில்லை. அதுதான் சங்கடம். பிழை இருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். சும்மா நின்றோம், இறைச்சிக்குப் பை கொண்டுவந்த எல்லோரும்.

காக்கா வீட்டுக்குப் போனார். சிவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு மாடு எதிர்பார்த்த தெருவுக்கு இரண்டு மாட்டு இறைச்சி. கூடவே நனையாத அரிசி. கலாதியாகாமல் என்ன செய்யும்?

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் சோறும் பருப்பும். நேர்ச்சை இறைச்சியை நேர்ந்தவரோ அவர் வீட்டாரோ தொடக்கூடாது. தெருவில் வேறு குர்பானும் இல்லை. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"எல்லா வீட்டுக்கும் இறைச்சி வந்திரிக்கு. எங்கட பங்கு எங்க, வாப்பா?"

"எங்கட பங்கு நீதான், மகள். தின்னு."

இப்போது மாரி விதைப்பு தொடங்கிவிட்டது. காலையில் வயலுக்குப் போகும் சோடி மாடுகளுக்கு வழிவிட்டு, தோளில் மண்வெட்டியோடு பாதையோரம் ஒதுங்கி நிற்கிறார் ஆதம்பாவா காக்கா — கூலிக்குப் போகிறார்.