முதலில் போட்ட இரண்டாவது டிஸ்க்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு மகளின் போன் அடங்கிப்போனது. மூன்று மணிக்கே ரயிலில் எங்கள் மனுரேவா ஸ்டேஷனுக்கு வந்திருக்க வேண்டியவள். பத்தொன்பது வயது. "எங்கையாவது சிநேகிதரோட சும்மா திரிவாள், விடும்" என்றார் கணவர். அந்தச் 'சும்மா'வுக்குத்தான் நான் பயந்தேன்.

யோசித்தால், அதற்குப் பயப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் மங்கரேயில் ஒரு கிடங்கில் சரக்குப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். கூட வேலை செய்தவர்கள் மன்னார் ஸ்டெல்லாவும் மதுரைக்காரி கவிதாவும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டெல்லா வந்ததும் ஏவன்டேல் சந்தையில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவோம். பிறகு வீடியோக் கடை. கவிதா அட்டையைப் பார்த்தே படம் எடுப்பாள். அநேகமாகத் தைவான் படம். வேலையில்லாத பையன்கள் ஸ்கூட்டரில் போவார்கள், நூடுல்ஸ் சாப்பிடுவார்கள், மழையைப் பார்ப்பார்கள். கதை அவ்வளவுதான். திரையின் அடியில் வரும் ஆங்கில எழுத்து நான் வாசித்து முடிக்குமுன் ஓடிவிடும். பாதிரியாரின் ஆங்கிலப் பிரசங்கத்தை வயதானவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பழகிய ஸ்டெல்லா, அதே குரலில் சொல்வாள்: "அவன் தன் தோழனை நோக்கி, சிகரெட் உண்டோ என வினவினான்."

ஒருமுறை இரண்டு டிஸ்க் உள்ள நீண்ட படம். முடிந்த பிறகுதான் கவிதா கண்டுபிடித்தாள்.

"ரெண்டாவதை முதல்ல போட்டுட்டோம்டி."

"அதுக்கென்ன, அவங்கள் முந்தியும் சும்மாதானே திரிஞ்சிருப்பாங்கள்" என்றாள் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவின் அப்பா ஊரில் இறந்த வாரம், ஆறுதல் சொல்லத் தெரியாத நாங்கள் இருவரும் அவளை நடுவில் உட்கார்த்தி, நாள் முழுவதும் ரயிலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்தோம். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அந்தக் கடை இப்போது இல்லை. கவிதா கனடாவில், ஸ்டெல்லா மெல்பேர்னில். பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பிக்கொள்வதோடு சரி. மூவரும் சும்மா ஒரே இடத்தில் இருக்கும் பிற்பகல் இனி இல்லை.

ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. மகள். பின்னால் கண் வீங்கிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகள், அந்தப் பெண் கூசக்கூடாதென்று தட்டுத்தடுமாறித் தமிழில் கதைத்தாள்.

"போனை நான்தான் ஓஃப் பண்ணினது, அம்மா. இவள் அழுதவள், பார்க்ல கூட இருந்தனான். ஒண்டும் கேக்க வேண்டாம். சோறு போடுங்கோ, ரெண்டு பேருக்கும்."