வலது பாதி அவனுடையது

டென்னிஸ் ஆடித்தான் வேலைக்குச் சேர்ந்தேன், டென்னிஸ் ஆடித்தான் வெகு காலம் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ‘டபிள்ஸ் மட்டும்தான்’ என்று சேர்த்துச் சொன்னதும் பழையபடி சாய்ந்துகொள்வார். ஒரு கல்யாண வீட்டில், “அப்படின்னா நீங்க பாதி ஆட்டக்காரர்தானே?” என்று கேட்டு ஒருவர் பந்தியையே சிரிக்க வைத்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாயசம்கூட வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை என்று தெரிந்தது. கோர்ட்டில் இடது பாதியைத்தான் நான் பார்த்துக்கொண்டேன். வலது பாதி என் கூட்டாளியுடையது.

மட்டாஞ்சேரியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே சந்தில் இருந்தன. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், விளையாட்டில் இரண்டும் கலந்தது. என் அப்பா ஒரு மிளகு மண்டியில் கணக்குப் பார்த்தார். அவன் அப்பா அதே மண்டியில் எடை போடும் இடத்தில் நின்றார். மண்டி முதலாளி போர்ட் கொச்சியில் ஒரு பழைய கிளப்பில் உறுப்பினர். அவருடைய தயவில் அங்கிருந்த மண் கோர்ட்டில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. இரவல் மட்டையோடு ஆடக் கற்றுக்கொண்டோம்.

மண் கோர்ட்டுக்கு மழை ஆகாது. இடவப்பாதி மழை, அந்தத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் அது குளமாகிவிடும், ஓணம் வரை கிளப்பில் வலை கட்ட மாட்டார்கள். மழைக்காலத்தில் எங்கள் மண்டியின் கிடங்கு முக்கால்வாசி காலியாக இருக்கும். பழைய சரக்கு போயிருக்கும், புதுச் சரக்கு வந்திருக்காது. தூணுக்குத் தூண் கயிறு கட்டி அந்தச் சிமெண்டுத் தரையில் ஆடுவோம். அக்கம்பக்கத்துக் கிடங்குகளில் வேலை செய்தவர்களில் யார் கையில் மட்டை இருந்ததோ அவர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். ஓட்டுக்கூரை தாழ்வானது. அதனால் பந்தை உயரத் தூக்கி அடிக்கவோ, கையை முழுக்க வீசி சர்வீஸ் போடவோ வழியில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று பந்து தரையில் படுவதற்குள் தட்டித் தட்டி ஆட வேண்டியதுதான். இடம் குறுகல், காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அங்கே இருவர் மட்டும் சிங்கிள்ஸ் ஆடுகிறோம் என்று நின்றால் மட்டையைப் பிடுங்கியிருப்பார்கள். நாங்கள் டபிள்ஸ்காரர்கள் ஆனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

எனக்குச் சின்ன வயதிலேயே கண்ணாடி. மழைக்காலத்துப் புழுக்கத்தில், மிளகுத் தூசியில், தும்மலும் வியர்வையுமாக ஆடும்போது கண்ணாடி பனித்துவிடும். பந்து வருவது தெரியும், அது எங்கே போய் விழும் என்று தெரியாது. அதை அவன் பார்த்துச் சொன்னான். வெளியே போகிற பந்து என்றால் “விடு!” என்று ஒரு குரல். உடனே மட்டையைத் தாழ்த்திவிடுவேன். ஒன்றும் சொல்லாவிட்டால் அடிப்பேன். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நல்ல வெயிலில், கண்ணாடி பளிச்சென்று இருக்கிற நாளிலும் அவன் குரல் வரும், நானும் கேட்பேன். என் கண்ணைவிட அவன் வாயைத்தான் நம்பினேன் என்று சொன்னால் மிகையில்லை.

எழுபதுகளின் நடுவில் எர்ணாகுளத்திலும் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் ஜோடியாகப் போய் ஜெயித்தோம். தனியாக ஆடச் சொன்ன இடத்திலெல்லாம் இரண்டு பேரும் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினோம். அப்போது ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுத்து, கம்பெனிப் பெயரில் போட்டிகளுக்கு அனுப்புகிற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்த அதிகாரி, இடம் ஒன்றுதான் இருக்கிறது என்றார். ஜோடியாக ஆடுவதை வைத்து உங்களில் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நீங்கள் இருவரும் எதிரும் புதிருமாக ஒரு சிங்கிள்ஸ் ஆடுங்கள், ஜெயித்தவருக்கு வேலை என்றார். வெகு நியாயமாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. எனக்கு அவர் மேஜையில் இருந்த மைக்கூட்டைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

எர்ணாகுளத்தில் இருந்த அவர் ஆபீஸிலிருந்து படகில் திரும்பினோம். அவன் அப்பாவுக்கு முதுகு போய்விட்டது, மண்டியில் இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ தெரியாது. எங்கள் வீட்டிலும் இரண்டு தங்கைகள். யாருக்கு வேலை அதிகம் தேவை என்று தராசில் போட முடியாது. மட்டாஞ்சேரி ஜெட்டி நெருங்கும்போது அவன் பேசினான்.

“நேரா களிக்கணும், கேட்டயா? கள்ளக்களி கூடாது, ஒழுங்கா ஆடணும்.”

“சரி.”

“நீ விட்டுக் கொடுத்தையானா, அப்பறம் ஜென்மத்துக்கும் உங்கிட்ட மிண்ட மாட்டேன், பேசவே மாட்டேன்.”

“நீ விட்டுக் கொடுத்தா?”

“நான் எதுக்குடா விட்டுக் கொடுக்கணும்? எனக்கு வேலை வேணும்.”

ஆட்டம் எங்கள் கிளப்பிலேயே நடந்தது. தூறல் விட்ட சாயங்காலம், கோர்ட் ஈரமாக இருந்தது. அதிகாரி ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலி ஓரத்தில் எங்கள் சந்தே திரண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் இடது பாதியில் நின்று ஆடிக்கொண்டிருந்தேன். வலது பாதியில் வரும் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது அவன் பந்து என்று கால் நின்றுவிட்டது. அவனும் அப்படியே. அவன் இடப்பக்கம் திறந்து கிடந்தது. என் பாதியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நான் வலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன் என்பது அவன் காலுக்கும் தெரியவில்லை. ஆளுக்கு அரைக் கோர்ட்டைக் காலியாக விட்டுவிட்டு மாற்றி மாற்றிப் புள்ளி எடுத்தோம். அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அழுகை வந்தது.

கடைசியில், இன்னொரு புள்ளி எடுத்தால் எனக்கு வேலை என்ற நிலை வந்தது. நான் வலைக்கு ஓடி வந்திருந்தேன். அவன் பலமாக என் வலப்பக்கம் அடித்தான். அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பக்கம் பாய்ந்தேன். கண்ணாடி முழுக்கப் பனித்திருந்தது. கையை நீட்டினேன், மட்டையின் விளிம்பில் பட்டாலும் பட்டிருக்கும், பட்டு எங்காவது தெறித்தால் புள்ளி அவனுக்கு.

“விடு!”

குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. கையை இழுத்துக்கொண்டேன். பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. வேலை எனக்கு என்று ஆகிவிட்டது.

அவன் வலைக்கு வந்து கைகொடுத்தான். “கண்ணாடியைத் தொடைச்சுக்கோ” என்றான், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் என்னோடு எப்போதும்போலத்தான் பேசினான். ஆனால் சந்துக்குள் கதை வேறு மாதிரி முடிவாகிவிட்டது. “அவன் போட்ட பிச்சைடா உன் உத்தியோகம், அதை மறந்துடாதே” என்று என் அம்மாவே சொன்னாள். மறக்க எங்கே விட்டார்கள்? ஒவ்வொரு மாசச் சம்பளத்தின்போதும் ‘விடு’ என்ற அந்தக் குரல் காதில் விழுந்தது. நான் சம்பாதித்ததா, அவன் கொடுத்ததா? அவனைக் கேட்டிருக்கலாம். கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவன் வீட்டு வழியாகப் போவது? அதனால் கேட்கவில்லை.

கம்பெனிக்காக எத்தனையோ பேரோடு ஜோடி சேர்ந்து ஆடினேன். என்னைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் இருந்தார்கள். பெரிய ஆட்டக்காரன் சிங்கிள்ஸில் தோற்றுக் களைத்துப்போய், டபிள்ஸுக்குச் சலித்துக்கொண்டு வருவான். அவனுக்குத் தோதாக நான் நிற்க வேண்டும். டபிள்ஸில் வலைக்குப் பக்கத்தில் நிற்பவன் பின்னால் இருப்பவனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவன் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு ஆட வேண்டும். எல்லோரிடமும் அப்படித்தான் ஆடினேன். ஆனால் யார் கத்தினாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மட்டையைத் தாழ்த்துவேன். அந்த ஒரு கணத்தில் போன பந்துகள் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குள் என் பழைய கூட்டாளி மிளகு ஏலக் கூடத்தில் ஒரு தரகரிடம் சேர்ந்திருந்தான். அத்தனை பேர் கூச்சலுக்கு நடுவில் விலையைக் கூவி நிறுத்துவதற்கு அவன் தொண்டைதான் லாயக்கு என்று பஜாரில் பேச்சு. மட்டையை அவன் பிறகு தொடவில்லை.

எண்பதுகளில், என் முழங்கால் அடம்பிடிக்கத் தொடங்கிய சமயம், அதே போர்ட் கொச்சிக் கிளப்பில் ஒரு போட்டி வந்தது. கம்பெனிக்காக இதுதான் என் கடைசி ஆட்டம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள். கூட ஆடியவன் புதிதாகச் சேர்ந்த ஒரு துடிப்பான ஆள். அன்றும் தூறல், அன்றும் கண்ணாடி பனித்தது. தோற்கும் தறுவாயில் தொங்கிக்கொண்டிருந்தோம். எதிராளி ஒரு பந்தை நீளமாக அடித்தான். நான் மட்டையைத் தூக்கிவிட்டேன்.

“விடு!”

வேலிக்கு வெளியிலிருந்து வந்தது. யார், எங்கே என்று பார்க்கவில்லை, ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மட்டை தானாகத் தாழ்ந்தது. பந்து போய்ச் சரியாகக் கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு தெறித்தது. ஆட்டம் போயிற்று.

“ஆரா சார் அந்த ஆளு?” என்று என் ஜோடி பல்லைக் கடித்தான். நான் வேலியைப் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ஏலக் கூடத்திலிருந்து நேராக வந்திருப்பான் போல, சட்டையெல்லாம் தூசி.

கிட்டப் போனேன். “வாய் தன்னால வந்துடுத்துடா” என்றான். “உன் கண்ணாடி மங்கியிருக்கேன்னு பாத்துண்டே இருந்தேன். சத்தியமா வெளியில போறதுன்னுதான் நினைச்சேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றவன் இப்படிச் சிரித்தால் யாராவது டாக்டரைக் கூப்பிடுவார்கள். எவ்வளவோ வருஷமாகச் சுமந்ததை அங்கேயே இறக்கிவிடலாம் என்று தைரியம் வந்தது.

“அன்னிக்கும் இப்படித்தானா?” என்று கேட்டேன்.

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

“பின்னே? வேணும்னு சொன்னேன்னா நினைச்சுண்டிருக்கே? சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தெரிஞ்சுடுத்து, வேலை போச்சுன்னு. ஆத்துக்குப் போய் இந்த வாயில நானே அடிச்சுண்டேன்டா.” பிறகு அவனே சமாளித்துக்கொண்டு, “மதிடா, போதும். கண்ணாடியைக் கொடு இங்க” என்றான்.

அவன் சட்டை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. பிச்சை இல்லை என்ற நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவன் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. அவனுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, என்னைப் போலவே வேண்டியிருந்தது. எதிரில் நிற்பது எதிராளி என்று அந்த ஒரு கணம் அவனுக்குத் தோன்றாமல் போயிற்று, அதனால் இழந்துவிட்டான். கண்ணாடியை அவன் திருப்பிக் கொடுத்த பிறகும் நான் அதை மாட்டிக்கொள்ளவில்லை. அழுவதற்கு அது இடைஞ்சலாக இருந்தது.