மாடி அறையில் கழற்றிய இரண்டு மூளைகள்

பெரியநாயக்கன்பாளையத்துப் பேக்கரிகளில் டீயோடு இலவசமாகக் கிடைக்கும் சங்கதி இது. கிருபாவதி என்கிற பெண் தன் கம்ப்யூட்டரின் மூளையைப் பிடுங்கி, அதற்கு மந்திரம் போட்டு, வீட்டுக்காரரின் மோட்டாரை எரித்துவிட்டாளாம். முதல் பேக்கரியில் கதை மோட்டாரோடு நிற்கிறது. அடுத்த பேக்கரிக்குப் போவதற்குள் வீட்டுக்காரருக்கு வாய் கோணிவிடுகிறது.

போய் விசாரித்தால் மந்திரம் கிடையாது. வீட்டுக்காரர் வாய் நேராகத்தான் இருக்கிறது. மோட்டாரும் எரியவில்லை. மூளையைப் பிடுங்கியது மட்டும் நிஜம். அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

கிருபாவதி ஒரு ஃபவுண்டரியின் டிசைன் அறையில் உட்கார்ந்து பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் வரைந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஃபவுண்டரியை மூடியபோது சம்பள பாக்கிக்கு முதலாளி கையை விரித்தார். கடைசியில், கிருபாவதி வேலை செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டரையே தூக்கிக் கொடுத்து அனுப்பினார். மூளை என்று ஊர் சொல்கிற ப்ராசஸர் இரண்டு போட்ட பழைய வொர்க்ஸ்டேஷன். வளர்ந்த ஆட்டுக்குட்டி கனம். அதை வைத்துத்தான், வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்காரர் வின்ஸ்டனின் மாடி அறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் அந்த மாடிப்படியைத் தேடி வந்தன. அறை போனால் தொழிலும் போகும். இது கிருபாவதிக்கும் தெரியும், வின்ஸ்டனுக்கும் தெரியும்.

வின்ஸ்டன் சபைக் கமிட்டியின் செயலாளர். பழுதான மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். "நாங் கட்டுன மோட்டாரு நமக்கப்புறமும் ஓடுமுங்" என்று சொல்லிக்கொள்வார். அந்தக் காம்பவுண்டுக்கே ஒரே மீட்டர்தான். கோடையில் கரண்ட் பில் ஏறியது. மழை வந்தும் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சனம் எல்லாம் வாசலில் நிற்கும்போது வின்ஸ்டன் கிருபாவதியைக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, உங்க பொட்டி கரண்ட்டக் குடிக்கறதில்லீங், திங்குதுங். நான் ரூம்ப வாடகைக்கு உட்டனா, மில்லுக்கு உட்டனானு எனக்கே சந்தேகமாக் கெடக்குதுங். கிறிஸ்துமஸுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்."

கொங்குநாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் மரியாதையாகத்தான் தள்ளுவார்கள். விழுகிறவர் நன்றி சொல்லிவிட்டு விழ வேண்டும். கிருபாவதியும் "சரிங்ணா" என்றார். வின்ஸ்டனின் மனைவி லின்சி மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாயைத்தான் பொத்தினார், சத்தத்தை அல்ல. அந்தச் சிரிப்பைக் கிருபாவதி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வின்ஸ்டன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பெட்டி சும்மா இருந்தாலே அறை கொதிக்கும். இரண்டு ப்ராசஸரும் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி. எதிரி கையில் அந்தப் பாதி உண்மையைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, கிருபாவதி காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே பழைய கம்ப்யூட்டர்ச் சாமான் விற்கிற பாலகோபால், அதே போர்டில் உட்காரக்கூடிய, ஆனால் பாதிக் கரண்ட்டில் பிழைக்கிற இரண்டு ப்ராசஸரைத் தேடி எடுத்தார்.

"இது சாதுங்க. ஆனா வேகம் கொறையுமுங்க. ஒரு டிசைன் போட்டீங்கன்னா ஒக்காந்து டீ குடிக்கோணும்."

"குடிச்சுக்கறனுங்."

"உங்க தொழிலுக்கு வேகம் வேண்டாமுங்களா?"

"வேகம் கெடக்குதுங். எனக்கு ஒருத்தரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கோணும்."

பாலகோபால் இரண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வியாபாரம் தெரிந்தவர்.

கிருபாவதி மாடிக்கு வந்து பெட்டியைத் திறந்தார். ப்ராசஸர்மேல் சூட்டை உறிஞ்ச உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றி, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துணியால் துடைத்து, புதியவற்றை உட்கார வைத்து, மறுபடி பேஸ்ட் தடவி மூடினார். ஸ்க்ரூவைத் திருகும்போதுதான் கோபம் கைக்கு வந்துவிட்டது. வின்ஸ்டன் குரல்வளையை நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டார். பெட்டியை ஆன் செய்தால் மெமரியில் பாதியைக் காணோம். ஆட்டுக்குட்டிக்கு ஞாபகமறதி. ப்ராசஸர் சாய்ந்து அழுந்தினால் அப்படித்தான் ஆகும். பெருமூச்சு விட்டு எல்லாவற்றையும் தளர்த்தி, கார் சக்கரத்துக்கு நட்டு முறுக்குவதுபோல எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். போன மெமரி திரும்பி வந்தது. ஃபேன் இரைச்சல் அடங்கியது. அறையில் முதல்முறையாக ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

அடுத்த பில் வந்தது. ஏதோ பேருக்குக் குறைந்திருந்தது.

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பார். கிருபாவதி மாடியில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தி, ப்ளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கீழே போய் மீட்டர் முன்னால் நின்றார். சிவப்பு விளக்கு பேய் பிடித்ததுபோல் சிமிட்டியது. பக்கத்துத் தகரக் கொட்டாயில் போர்க்கிணற்றுத் தண்ணீரை ஏற்றும் கம்ப்ரஸர் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார், கை சுட்டது. ஸ்விட்ச்சை அணைத்தார். சிவப்பு விளக்கு சாந்தமானது. போட்டார், மறுபடி பேய்.

கோடையில் அந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்தவர் சாட்சாத் வின்ஸ்டன்தான். ஊரார் மோட்டாருக்கு எண்ணி எண்ணிக் கம்பி சுற்றுகிறவர், சொந்த மோட்டார்தானே என்று அவசரத்தில் சுற்றைக் குறைத்துவிட்டார். ஓடும், ஆனால் கரண்ட்டை அள்ளும். வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுவாரா? பட்டறைக்காரர் தன் வீட்டு மோட்டாரை வெளியாளிடம் காட்டினால் பட்டறையை மூடிவிட வேண்டியதுதான். ஆகவே மோட்டார் நல்ல மோட்டார், கம்ப்யூட்டர் திருட்டுக் கம்ப்யூட்டர்.

உண்மை கையில் கிடைத்ததும் ஓடிப்போய்ச் சொல்வது நல்லவர்கள் வேலை. கிருபாவதி அறுப்பின் பண்டிகை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இடையில் ஒரு ஞாயிறு, பழிவாங்குவதை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள் என்று ஆயர் பிரசங்கம் செய்தார். ஆண்டவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்று கிருபாவதி நினைத்துக்கொண்டார்.

அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். அதை ஆலய வாசலில் ஏலம் விடுவார்கள். விவசாயி வாழைத்தார் கொண்டுவருவார், கோழிக்காரர் கோழி கொண்டுவருவார். அவரவர் தொழிலில் விளைந்தது. கிருபாவதி ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலைக்குப் பதில் டிஷ்யூ பேப்பர் விரித்து, கழற்றிய இரண்டு ப்ராசஸரையும் வைத்திருந்தார்.

ஏலம் விட்ட சாமுவேல் தட்டை மைக் முன்னால் தூக்கிப் பிடித்து முழித்தார். "இதென்னுங் அம்மணி, பிஸ்கோத்துங்களா?"

கிருபாவதி மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டார்.

"நம்ம செயலாளர் அண்ணன் ஊட்டுக் கரண்ட்டத் தின்னது இது ரெண்டுந்தானுங். அண்ணன் இதே வாசல்லதான் சொன்னாங். அதான் களட்டிப்போட்டனுங். ஆனா பாருங், களட்டுனதுக்கு அப்பறமும் மீட்டரு பறக்குதுங். மாடில எல்லாத்தையும் அமத்திப்போட்டும் பறக்குதுங். அண்ணன் கையால கட்டுன கம்ப்ரஸர் மோட்டார அமத்துனாத்தான் நிக்குதுங். எனக்கு மோட்டாரப்பத்தி ஒண்ணும் தெரியாதுங். பெரியவங்க ஆராச்சும் சொல்லோணும்."

பெரியவங்க எல்லாரும் மோட்டார் ஊரில் பிறந்தவர்கள். விஷயம் உடனே புரிந்துவிட்டது. பந்தலின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங் செயலாளரு, மோட்டாருக்கும் ப்ராசஸர் மாத்தோணுமாட்ட இருக்குதே!"

வாழைத்தார் பிடித்திருந்தவர்கூடத் தாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். லின்சி இந்த முறை சேலைத் தலைப்பால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். வின்ஸ்டன் முகம் போன விதத்தைக் கிருபாவதி நின்று நிதானமாகப் பார்த்தார்.

சாமுவேல் விடுவாரா? "கரண்ட்டுத் தின்னி ரெண்டு, ஆருங் கேக்கறீங்?" என்று ஆரம்பித்தார். விளையாட்டாக ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏற்ற, அந்தத் தட்டு எவன் வீட்டு ஷோகேஸுக்கும் போய்விடக் கூடாது என்று வின்ஸ்டனே எல்லாரையும் தாண்டி ஏலம் கேட்டு எடுத்தார். ஒரு சேவல் போகிற விலைக்குமேல் போனது.

அடுத்த ஞாயிறு வின்ஸ்டன் ஆராதனைக்கு வரவில்லை. ஊர் கோவிலில் இருக்கும் நேரம் பார்த்து மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கிருபாவதிக்கு எப்படித் தெரியும் என்றால், அவரும் ஆராதனைக்குப் போகவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பில் இறங்கியது. கிறிஸ்துமஸும் வந்து போனது. காலி பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டால், மோட்டார் விஷயம் மறுபடி பேக்கரிக்குப் போகும். வின்ஸ்டன் கிருபாவதியோடு பேசுவதில்லை. வாடகையை மட்டும் லின்சி வாங்கிக்கொள்கிறார், சிரிக்காமல்.

இதில் மாட்டிக்கொண்டவர் பாலகோபால். பழைய இரண்டையும் பதிலுக்குத் தருவதாகச் சொல்லித்தான் கிருபாவதி புதியவற்றை வாங்கி வந்திருந்தார். பழிவாங்கும் அவசரத்தில் அது நினைவில்லை. பாலகோபால் போன் செய்ததும், கிருபாவதி லின்சியைத் தூது அனுப்பி வின்ஸ்டனிடம் கேட்டார். ஏலத்தில் எடுத்தது ஆண்டவருக்குப் போன பொருள், திருப்பித் தரப்படாது என்று கீழிருந்து மேலே வின்ஸ்டனின் பதில் வந்தது.

நேற்றும் போன் வந்தது.

"ஏனுங் கிருபா, அந்த ரெண்டு சில்லு என்னாச்சுங்?"

"கெடைக்குமுங், பாலகோபாலண்ணா. ஒருத்தரு சித்த மனசு எறங்கோணும்."

"எறங்குவாருங்களா?"

கிருபாவதி கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே வின்ஸ்டன் மோட்டார்க் கொட்டாய்க்குப் புதிதாகப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்திக்கு இல்லீங்" என்றார்.