ஒன்பதாம் எண் மரம்

காலை 6.10. கும்மிடிப்பூண்டி ரயில். கவரைப்பேட்டைக்கு டிக்கெட் பத்து ரூபாய். கக்கத்தில் ஓவிய அட்டை, தோளில் வண்ணப்பெட்டி. வெட்டப்படவிருந்த மரங்களை, வியாபாரிக்குப் பணம் கொடுத்து நிறுத்திவைத்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் கதையை வருஷாவருஷம் என் பள்ளிக்கூடத்தில் சொல்வேன். அவரைப் போன்ற ஓவியர்களுக்கு மரம் என்றால் நழுவிப்போகும் நேரம் என்று பெரிதாக முழங்குவேன். புதுவாயலில் சாலையை அகலப்படுத்தச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் வெட்டுப்படப் போவதாகக் கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

7.40. ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"சீக்கிரம் பாத்துக்க சார், வர்ற வாரம் மிஷின் வருது" என்றார் டிரைவர்.

ஆறு மரங்கள்தான் மிச்சம். தண்டில் வெள்ளைப் பெயின்ட்டில் எண்கள், பின்னால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். ஒன்பதாம் எண் மரத்தடியில் ஒரு நாஷ்டா வண்டி. ஷிஃப்ட் முடிந்தவர்கள் நின்றபடி இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஸ்டாண்டை விரித்ததும், அவர்கள் ஸ்டெல்லா அக்கா என்று கூப்பிட்ட கடைக்காரர் கரண்டியோடு வந்துவிட்டார்.

"இன்னா சார், திரும்பவும் அளக்க வந்துக்கினியா?"

படம் வரைய வந்த அரசுப் பள்ளி டிராயிங் மாஸ்டர் என்றேன். அவர் முகம் மாறியது.

"கவர்மென்ட் வாத்தியாரா? அப்ப என் கடையையும் சேத்துப் போடுங்க சார். பதினோரு வருசமா இங்கதான் கீறேன். வேற எடம் கேட்டா ஆபீசுல ஆதாரம் கேக்குறாங்கோ, செவ்வாக்கெழமை எடுத்தாரச் சொல்லிக்கிறாங்கோ. செல்லுல எடுத்த போட்டோவ நேத்து எடுத்ததுன்றாங்கோ. நீங்க பச்சை இங்க்ல கையெழுத்து போட்டா செல்லும்ல?"

அந்த அதிகாரம் எனக்கில்லை என்றேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

10.30. படம் நன்றாகவே வந்திருந்தது. நிழலில் ஊதா, இலையிடுக்கில் மஞ்சள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மரம் கீது. நான் எங்க சார்?"

ஒரு நீலத் தீற்றலைக் காட்டினேன்.

"இதுவா நானு?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. வண்டிக்குத் திரும்பிப் போய் இட்லித்தட்டைக் கழுவ ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. காய்ந்ததும் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் எல்லாவற்றையும் வரைந்தேன்: வண்டி, அடுப்பு, எண் ஒன்பது, அவர் நெற்றித் தழும்புகூட. மாணவன் இப்படி வரைந்திருந்தால் திட்டியிருப்பேன். கீழே இலைப்பச்சையில் என் பெயரை மட்டும் எழுதினேன். அக்கா அதைத் துணிப்பையில் பத்திரப்படுத்தினார்.

மதியம் 1.15. வெறுங்கையோடு ரயில். அந்தக் கையெழுத்து எந்த ஆபீசிலும் செல்லாது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் வரிசையில் நிற்பார்.

பெரம்பூரில் எங்கள் தெருப் புங்கமரத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதன் அடியில் இஸ்திரி போடுகிறவர் ஒரு படத்திலும் இல்லை.