வேலிப் பந்தயமும் என் கரும்பலகையும்

பந்தயத்தில் வென்றவன், கணக்கு எழுதுகிற ஆளை ஒருநாளும் தேடி வரமாட்டான். தோற்றவன் ஒருநாளும் தேடாமல் விடமாட்டான். எந்தச் சங்கத்திலாவது, எந்தத் திருவிழாவிலாவது, "உமக்கு எழுத்து வடிவு, நீரே எழுதும்" என்று சொல்லி உங்களையும் மாட்டிவிட்டிருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும். மாட்டுப்படாதவர்களும் வாசிக்கலாம். சிரித்துவிட்டுப் போங்கள்.

சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில வருசங்களில் நான் வேலணையில் ஒரு தொலைபேசிக் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் மைதானம், மைதானத்துக்குப் பின்னால் கடல். தீவுப்பகுதிப் பெண்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி அங்கேதான் நடந்தது. மாரி முடிந்து தையில் தொடங்கி, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்ப முதல் முடிந்துவிடும். மண்டைதீவு, இறுப்பிட்டி, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை என்று அணிகள். வெளிநாட்டுக்குப் போன எங்கள் சனம் பணம் அனுப்பியபடியால், விளையாடுகிற பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு கொடுப்பனவும், தின்ன ஒரு பணிசும், குடிக்க ஒரு சோடாவும் கிடைத்தன. காசு வாங்கி விளையாடினால் அது தொழில்முறைப் போட்டிதானே? நாங்கள் அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னோம், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

போட்டி என்றால் பந்தயம் வராமல் இருக்குமா? காசு வைக்கக்கூடாது என்று போட்டிக் குழுத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "காசு வைச்சால் சூது, வேலை வைச்சால் பகிடி, சிரிச்சிட்டுப் போகலாம்" என்பது அவருடைய தீர்ப்பு. எங்கள் பக்கத்தில் வருசா வருசம் செய்தே ஆகவேண்டிய வேலை, வீட்டு வளவைச் சுற்றிப் பனையோலை வேலி அடைப்பது. ஆகவே தோற்றவன் வென்றவனுடைய வேலியை அடைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. கணக்கு எழுதுகிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

தகப்பனும் மகளும்

மண்டைதீவுச் சூசையண்ணை கடற்தொழில் செய்கிறவர். அவருடைய மகள் ஜெசிந்தாதான் மண்டைதீவு அணியின் கோல் கீப்பர். வலையில் மீன் கழற்றிப் பழகிய கை அது. பந்து பிடிபட்டால் பிறகு நழுவாது. பெண்பிள்ளை காற்சட்டையோடு நின்று துள்ளுவது சூசையண்ணைக்குப் பிடிக்கவில்லை. ஏசிப் பார்த்தார், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார், சாப்பாட்டில் குறை பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் என் கடை வாசலில், என்னைச் சாட்சியாக நிறுத்திவைத்து, மகளோடு பந்தயம் பிடித்தார். வெற்றிக் கிண்ணம் மண்டைதீவுக்கு வந்தால் அவள் விரும்புகிற வரைக்கும் விளையாடலாம். வராவிட்டால் சப்பாத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரிப்பதைக் கோல் கம்பங்களுக்கு நடுவில் மட்டும்தான் நான் கண்டிருக்கிறேன். "வேண்டாம் பிள்ளை" என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தகப்பனுடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னாள்: "ஓம் அப்பா. ஆனால் தோத்தால் அழக்கூடாது, நீங்கள்."

கடலுக்குள் அடித்தவை

கடை வாசலில் ஒரு கரும்பலகையைச் சாத்தி வைத்தேன். அடித்த கோல், வாங்கிய கோல், கோலை நோக்கி அடித்த அடி, தடுத்த அடி என்று கட்டம் கீறி, ஆட்டம் முடிந்த கையோடு எழுதிவிடுவேன். பந்தயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் எனக்குத் தானாகத் தெரிந்துவிடும். பலகைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டுகிறவர் அடுத்ததாக எந்த ஊர்க்காரருடைய தோளில் கைபோடுகிறார் என்று பார்த்தால் போதும். கொஞ்ச நாளில் ஊர் முழுக்க இறுப்பிட்டிப் பக்கம் சாய்ந்தது. இறுப்பிட்டிப் பிள்ளைகள் அடித்த அடிதான் மற்ற எல்லோரையும் விட அதிகம் என்று என் பலகை சொன்னது.

பலகை பொய் சொல்லவில்லை. எங்கே அடித்தார்கள் என்பதைத்தான் நான் எழுதவில்லை. அவர்களுடைய முன்வரிசைக்காரி யோகா காலை ஓங்கினால் பந்து கம்பத்துக்கு மேலால் போய்க் கடலில் விழும். பந்து பொறுக்கவென்றே கரையில் ஒரு வள்ளம் நின்றது. அப்படியே அடித்து அடித்து ஊர்காவற்றுறையிடம் தோற்றார்கள். அடுத்த நாள் காலை, சைக்கிள் திருத்துகிற குணமண்ணை தலையில் ஓலைக்கட்டோடு என் கடைக்கு முன்னால் வந்து நின்றார். தோற்ற வேலியை அடைக்கப் போகிற வழி. "பிள்ளை, கனக்க அடிச்சவை எண்டு எழுதினீர். கடலுக்கை அடிச்சவை எண்டு ஏன் எழுதேல்லை?"

சுவிஸில் பனி

அன்றைக்கே 'கடல்' என்று ஒரு கட்டம் கூட்டினேன். அந்தக் கட்டத்தை முதல் முதலில் எதிர்த்தவர் சுவிஸில் இருந்த கனகண்ணை. சொந்த ஊர் இறுப்பிட்டி. சுவிஸில் ஒரு உணவகத்துக் குசினியில் சமையல் வேலை. போட்டிக்குப் பணம் அனுப்புகிறவர்களில் அவரும் ஒருவர் என்பதால் என்னை அதட்டும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆட்டத்துக்கு அடுத்த நாள் மத்தியானம் அழைப்பு வந்துவிடும். காற்று எப்படி, யோகாவின் இடக்கால் எப்படி, வலக்கால் எப்படி? கடையில் ஒரு தாய் கனடா மகனோடு பேசக் காத்திருந்து கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார். சுவிஸிலும் எங்கள் ஆட்கள் பந்தயம் பிடித்தார்கள். அடைக்க வேலி இல்லாத ஊர் என்பதால், தோற்றவன் வென்றவன் வீட்டு வாசலில் பனி வழிக்கவேண்டும்.

"அண்ணை, உங்கடை ஊர்ப்பிள்ளையள் அடிக்கிறதெல்லாம் கடலுக்குத்தான் போகுது" என்று விளக்கமாகச் சொன்னேன். காற்றின் மேல் பழி போட்டுவிட்டு, போய் இறுப்பிட்டிப் பக்கமே பந்தயம் பிடித்திருக்கிறார். அடுத்த அழைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் எதையோ சுரண்டுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு, "நான் சொன்னனான் எல்லோ?" என்றேன். சுரண்டுகிற சத்தம் நின்றது. "நீர் சரியாத்தான் சொன்னீர் தங்கச்சி, ஆனால் நம்புற மாதிரிச் சொல்லேல்லை."

நெடுந்தீவின் முதல் பாதி

நெடுந்தீவு அணிக்கு ஒரு விசித்திரம் இருந்தது. வாங்குகிற கோல் எல்லாம் முதல் பாதியில், அடிக்கிற கோல் எல்லாம் இரண்டாம் பாதியில். பலகையில் அதைப் பிரித்து எழுதியதும் ஊர் துள்ளிக் குதித்தது. முதல் பாதிக்கு ஒரு பந்தயம், இரண்டாம் பாதிக்கு ஒரு பந்தயம் என்று பிரிந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் மாடு வளர்க்கிற, தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். படகில் வந்து இறங்கும்போது தலைசுற்றி, முகம் வெளுத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். அவர்களுக்கு நிலம் ஆடாமல் நிற்கவே பாதி ஆட்டம் போய்விடும். நடுக்கடலில் பிறந்தவர்களுக்குக் கடல் ஒத்துவராது என்று சொன்னால் சுவிஸ் கனகண்ணை என்னோடு சண்டைக்கு வந்திருப்பார். அதனால் சொல்லவில்லை.

முதல் பாதியில் நெடுந்தீவு தோற்கும் என்று ஊரில் பாதிப்பேர் அசையாத நம்பிக்கையோடு பந்தயம் பிடித்த ஒரு நாள், கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடந்தது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். விசில் ஊதி, நாங்கள் கச்சான் கடலைக் கோதை உடைக்க முதல் கோல் அடித்துவிட்டார்கள். இடைவேளைக்குள் ஊரில் பாதிப்பேர் மற்றப் பாதிக்கு வேலி கடன். என்ன இது என்று அணித் தலைவியைக் கேட்டேன். பணிசை வாயில் வைத்தபடி சொன்னாள்: "இண்டைக்குக் கடலுக்கு லீவு, மலரக்கா."

எந்தப் பக்கத்தாலும் வெல்லுகிறவர்

இறுதியாட்டத்துக்கு முதல் கிழமை வேலணை முழுக்க ஓலைச் சத்தம். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி: தான் தோற்ற வேலியை அடைத்து முடிக்காதவன், தான் வென்ற பந்தயத்தைக் கேட்டு வாய் திறக்க முடியாது. அதனால் எல்லோரும் பழைய கடனைத் தீர்க்க ஓடித் திரிந்தார்கள். கையை வீசிக்கொண்டு திரிந்தவர் சூசையண்ணை மட்டும்தான். மகளோடு பிடித்த பந்தயத்தைத் தவிர அவர் அதுவரை ஒன்றிலும் மாட்டவில்லை. மைதானத்துக்கும் வருவதில்லை. கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குப் பின்னால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தலை தெரியும். கேட்டால், இயந்திரம் பார்க்க வந்ததாகச் சொல்லுவார். வள்ளம் ஒரு பக்கம், இயந்திரம் அவருடைய வீட்டில்.

மண்டைதீவும், பெனால்டிகளின் புண்ணியத்தில் இறுப்பிட்டியும் இறுதியாட்டத்துக்கு வந்தன. ஜெசிந்தாவின் 'தடுத்த அடி' கட்டத்தில் கோடு கீற இடமில்லை. அந்தக் கட்டத்துக்கு முன்னால் சூசையண்ணை கனநேரம் நின்றார். பிறகு போய், கண்ணில் பட்ட எல்லோரோடும் பந்தயம் பிடித்தார், மண்டைதீவு வெல்லும் என்று! எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மகளோடை தோக்கும் எண்டு பந்தயம், ஊரோடை வெல்லும் எண்டு பந்தயம். வெக்கமாய் இல்லையோ அண்ணை?" என்று நடுறோட்டில் கேட்டேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். "கிண்ணம் வந்தால் வேலி, வராட்டி மகள் வீட்டிலை. எனக்கு எந்தப் பக்கத்தாலையும் நட்டமில்லை, பிள்ளை."

யோகா வாசித்தது

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் ஜெசிந்தா கடைக்கு வந்தாள். பலகையில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தாள். 'யோகா: பெனால்டி எல்லாம் கீப்பரின் இடப்பக்கம்.' அதை எழுதியது நான்தான். எழுதிய கையை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஆட்டத்தில் கோல் விழவே இல்லை. ஜெசிந்தா பறந்தாள், உருண்டாள், மண் தின்றாள். முடியப்போகிற நேரத்தில் இறுப்பிட்டிக்கு ஒரு பெனால்டி. யோகா பந்தை வைத்தாள். ஜெசிந்தா இடப்பக்கம் பாய்ந்தாள். யோகா, வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலை ஓங்காமல், வலப்பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டாள். பந்து உருண்டு உள்ளே போய் நின்ற பிறகு, வள்ளத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வலப்பக்கம் பிள்ளை, வலப்பக்கம்!" என்று கத்திக் குழறியபடி மைதானத்துக்குள் ஓடிவந்தார்.

இறுப்பிட்டிக்குக் கிண்ணம். நான் யோகாவைத் தேடிப் போய், ஏன் பக்கம் மாற்றினீர் என்று சண்டைக்கு நின்றேன். அவள் சோடாவை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, போத்தலை என் கையில் தந்தாள். "உங்கடை பலகையை நானும் வாசிக்கிறனான், அக்கா."

சப்பாத்து

ஜெசிந்தா கோல் கம்பத்தடியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. சூசையண்ணை வந்து கையை நீட்டினார். வென்றவரின் முகமாக அது இல்லை. அதற்குள் குணமண்ணை ஓடிவந்தார். "சூசை, என்ரை வேலிக்கு எப்ப வாறாய்?" அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் வேலணையில் வளவு வைத்திருக்கிற எல்லோரும். ஜெசிந்தா அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். குனிந்து நாடாவைத் திரும்பக் கட்டினாள். "அப்பா, முதல் இவையின்ரை வேலியளை அடைச்சு முடியுங்கோ. அதுக்குப் பிறகு வந்து என்ரை சப்பாத்தைக் கேளுங்கோ" என்றாள். குழுத் தலைவர் வழக்கம் வழக்கம்தான், தோற்ற வேலிதான் முதல் என்றார். மைதானம் அதிர்ந்தது. சூசையண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து சிரித்து மண்ணிலேயே குந்திவிட்டோம்.

காலையில் கடல், பின்னேரம் வேலி என்று அவருடைய நாட்கள் போயின. அவர் கட்டுகிற வேகத்தைப் பார்த்திருந்தால் ஆமையும் அவரைக் கேலி பண்ணியிருக்கும். அடுத்த தை பிறந்து போட்டி தொடங்கியபோதும், மைதானத்தை ஒட்டியிருந்த குணமண்ணையின் வேலி பாதியில் நின்றது. அதற்கு முதல் அடைத்த வேலிகள் உக்கி உதிரத் தொடங்கியிருந்தன. முதல் ஆட்டத்தன்று அந்தப் பக்கமாகப் போனேன். சூசையண்ணை கையில் கயிற்றோடு குந்தியிருந்தார். ஓலைக்கு நடுவில் கோல் கம்பம் தெரிகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அதில் அவருடைய கண். மைதானத்தில் மகள் ஒரு பந்தைப் பிடித்துவிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "என்ன அண்ணை, இன்னும் முடியேல்லையோ?" என்றேன். கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: "அவசரப்பட்டு அடைச்சால் வேலி நில்லாது, பிள்ளை."

என் பலகையை நம்பி வென்றவர் என்று ஒருவரையும் எனக்குத் தெரியாது. நம்பித் தோற்று, அவ்வளவு சந்தோசமாக ஓலை கட்டிய ஒருவரை மட்டும் தெரியும்.