சாயங்கால டிரில்

எங்கள் காலேஜில் சாயங்கால டிரில் கட்டாயமில்லை. வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம். ஆனாலும் மைதானத்தில் தினமும் கூட்டம் இருக்கும். ஆரோக்கியம் பெரிதென்று யாரும் வரவில்லை. அவரவருக்கு அவரவர் கவலை. குண்டாக இருந்த ஒருத்திக்குத் தை மாதத்தில் கல்யாணம், அதற்குள் இளைத்தாக வேண்டும். ஒல்லியாக இருந்த இன்னொருத்தியின் அக்கா காசநோயில் போயிருந்தாள். தனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் கர்லாக்கட்டையைச் சுற்றுவாள். ஹாஸ்டல் பெண்களுக்கோ, நன்றாக ஓடிப் பசி எடுத்தால்தான் ராத்திரி அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

எனக்கு? எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, மூச்சு இரைக்க நிற்கும்போது இந்தக் கை என்னுடையது, இந்தக் கால் என்னுடையது என்று தோன்றும். வீட்டில் ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னைக்குப் போக வேண்டும், டிரில் டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும். என் ஆசையெல்லாம் அது ஒன்றுதான். அப்பாவிடம் சொன்னபோது "பாக்கலாம்" என்றார். அப்பா மாட்டேன் என்று சொல்லாததே எனக்குப் பெரிய சம்மதம்.

அப்பாவுக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை. யுத்த காலம், துணிக்குக் கட்டுப்பாடு. டிரில்லுக்கென்று தனியாக ஒரு வெள்ளைப் புடவை கேட்டேன். "கடைக்கு வர்றவங்களுக்கே துணி இல்லங்கறேன், இவ குதிக்கறதுக்குப் புடவை கேக்கறா" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாதான் என்னை விடமாட்டாள்.

"ஏண்டி, வெயில்ல நின்னு கறுத்துப்போயி, கையெல்லாம் உலக்கையாட்டம் ஆயிட்டா உன்னை எவன்டி கட்டிக்குவான்?"

"எவனும் கட்டிக்க வேணாம். நல்லதாப் போச்சு."

"வாயைப் பாரு வாயை! போற எடத்துல இந்த வாய்க்கு நல்லா வாங்கப் போறே!"

அம்மாவின் இந்தப் பயம் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வருகிறவன் எல்லாம் என் கையைப் பார்த்து ஓடட்டும், அதற்குள் நான் பி.ஏ.வை முடித்துவிடுவேன் என்று நினைத்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்!

அப்போது பி.ஏ. இரண்டு வருஷம்தான். எனக்கு முதல் வருஷம். விளையாட்டு விழாவுக்கு ஊர்ப் பெண்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஒரு ஹாஸ்டல் பெண் கால் பிசகி விழுந்துவிட்டாள். எல்லாரும் "ஐயையோ, ஐயையோ" என்று சுற்றி நின்றார்களே தவிர ஒருத்தியும் குனியவில்லை. நான் போய் அவளை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, மைதானத்தைக் கடந்து வராந்தாவில் உட்கார வைத்தேன். பார்க்க வந்திருந்த ஒரு அம்மாள் என் பின்னாலேயே வந்து, "உனக்கு மூச்சுகூட வாங்கலியேம்மா! யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்டாள். பெருமை தாங்கவில்லை எனக்கு. அப்பாவின் கடையைச் சொன்னேன்.

அடுத்த வாரமே ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் மாப்பிள்ளையின் அக்கா. பாடச் சொல்லவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். தோளைத் தடவினாள். "நல்ல தெம்பான பொண்ணு. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்க. நகைநட்டெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்குதுங்க" என்று அப்பா தயங்கினார்.

"தாராளமாப் படிக்கட்டுங்க. பஸ்தான் இருக்கே. தம்பியே கொண்டுவந்து விட்டுட்டுப் போவான்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் நம்பினேன். "பாத்தியாம்மா, உலக்கைக் கையைத் தேடி மாப்பிள்ளை வந்திருக்கு" என்று அம்மாவைக் கிண்டல் வேறு பண்ணினேன்.

வைகாசியில் கல்யாணம். மாமியாருக்கு உடம்பு சுகமில்லை என்று சொன்னார்கள்; அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் விளக்கேற்றிவிட்டு அவரை நமஸ்காரம் பண்ணப் போனபோதுதான் பின்கட்டு அறையைத் திறந்தார்கள். பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோய், கனத்த சரீரமாகக் கட்டிலில் கிடந்தார்.

"அம்மாவைப் புரட்டிப் போடவும் குளிப்பாட்டவும் என் ஒருத்தியால முடியலம்மா, இடுப்பே போயிடுச்சு" என்றாள் நாத்தனார். "வேலைக்கு வர்றவளுங்க நிக்க மாட்டேங்கறாளுங்க. அன்னிக்கு நீ அந்தப் பொண்ணைத் தூக்கிட்டு வந்தியே, அப்பவே முடிவு பண்ணிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். பொய் அழுகையாக இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அது நிஜமான அழுகை.

ஆனியில் காலேஜ் திறந்தது. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்த மாட்டார். "அக்கா அவ வீட்டுக்குப் போயிருக்கா. வந்ததும் நீ போயேன்" என்றார். அக்கா வரவில்லை. அவளுக்கும் புருஷன் இருந்தான், குழந்தைகள் இருந்தார்கள். எந்த வாயால் வா என்று கூப்பிடுவது? அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். பின்கட்டை எட்டிப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

தினமும் காலையில் அத்தையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பேன், துடைப்பேன், தலை வாரிவிடுவேன். கை பாட்டுக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். மனசோ அவரைத் திட்டிக்கொண்டே இருக்கும். இந்த அம்மாள் படுத்துக்கொண்டே தனக்கு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டாளே, என் பி.ஏ.வைத் தின்றுவிட்டாளே என்று. அவருக்கு வாய் கோணிப்போயிருந்ததால் பேச்சு குழறும். யாரும் நின்று கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை, முன்பெல்லாம் நான் காலேஜுக்குக் கிளம்புகிற நேரம். அவரைத் தூக்கக் குனிந்தேன். நல்லாயிருந்த கையால் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடியும் சொன்னார். வாயருகே காதை வைத்துக் கேட்டேன்.

"வேணாம்னேன்டி... படிக்கிற பொண்ணு, பாவம், வேணாம்னேன். நான் பேசறது புரியலன்னுட்டாங்க."

அதுவரை திட்டுவதற்காவது எனக்கு ஒருத்தர் இருந்தார். அன்றைக்கு அதுவும் போயிற்று. அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். விளங்குகிற அந்த ஒரு கையை அவர் என் தோளிலிருந்து எடுக்கவில்லை. அதனால் அவர் கண்ணையும் நான்தான் துடைத்துவிட வேண்டியிருந்தது.