குளியலறை ஜன்னலில் ஓர் அட்டை

கணவரைப் பிரிந்து, நாற்பத்தாறு வயதில் புனே நிக்டியில் ஒற்றை அறை எடுத்து, முதன்முதலாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அறை பார்த்துக் கொடுத்தவள் தோழி கமலா. ஒரு தை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனவள், குளியலறையிலேயே இறந்துகிடந்தாள். மாரடைப்பு என்றார்கள். நான் நம்பவில்லை. அன்று பார்த்து ஷிஃப்டுக்குப் போகாமல் வீட்டிலிருந்த அவள் கணவர் ராகவன் மேல்தான் எனக்குச் சந்தேகம். அக்கம்பக்கத்தில் துருவித் துருவி விசாரித்தேன். போலீஸிலும் சொன்னேன்.

அவள் இறந்த மூன்றாம் வெள்ளி, நானும் தலையில் எண்ணெய் வைத்து, குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்த, சிலிண்டர் கேஸில் வெந்நீர் போடும் கெய்சரை எரியவிட்டு, சீயக்காய் போக அலசிக்கொண்டே இருந்தேன். திடீரென்று தலை கனத்தது, கால் துவண்டது. எப்படியோ தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்து விழுந்தேன். தூக்கிவிட்ட பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா, “ஜன்னலை அடைத்துவிட்டா கேஸ் எரிப்பாய்? அதன் விஷக்காற்று ஆளையே கொன்றுவிடும்!” என்று இந்தியில் திட்டினாள்.

மார்கழிக் குளிரில், இதே மாதிரி கெய்சர் வைத்திருந்த கமலாவிடம் நான் சொன்னது அப்போதுதான் உறைத்தது: “என்னை மாதிரி ஜன்னல்ல அட்டையை வெச்சு அடைச்சுடுடி, குளிர் தெரியாது.”

ராகவனிடம் போய், ஜன்னலை அட்டையால் அடைத்ததால் கேஸ்தான் அவளைக் கொன்றது என்று சொல்லி, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அந்த அட்டையை வைக்கச் சொல்லி யார் சொன்னாங்களோ, அவங்க விளங்கவே மாட்டாங்க!” என்றார். சொன்னது நான்தான் என்பதைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

இப்போது வாளி நிறைந்ததும் கெய்சரை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தே குளிக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் குளியலறை ஜன்னலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை ராகவன் வீட்டுக்கும் வருகிறது.